பிங்கை அடைத்தால் பாதுகாப்பு வந்துவிடாது

லினக்ஸ் சர்வரையோ ஃப்ரீபிஎஸ்டி சர்வரையோ புதிதாக நிறுவி, ஃபயர்வால் விதிகளை எழுத உட்காரும் நிர்வாகிகளில் பலர் ஐசிஎம்பியை மொத்தமாக அடைத்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறார்கள். காரணம் கேட்டால் ‘செக்யூரிட்டி’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் வரும். சீனியர் சொல்லிக்கொடுத்தார், பயிற்சி வகுப்பில் எழுதிப்போட்டார்கள், ஆடிட்டர் கேட்டார், பழைய ஸ்கிரிப்டில் இருந்தது என்று அந்த ஒரு வரி கைமாறிக்கொண்டே இருக்கிறது. அது தவறான வரி. வெறும் பயனற்ற வரியாக இருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். சர்வரின் இணைப்புகளை அது கெடுக்கிறது. கெட்ட இடத்தைக் கண்டுபிடிக்கும் வழியையும் சேர்த்தே அடைக்கிறது.

அடைக்கச் சொல்பவர்கள் காரணமில்லாமல் சொல்லவில்லை. 1996இல் ‘பிங் ஆஃப் டெத்’ வந்தது. ஒட்டிப் பார்த்தால் 65,535 பைட்டைத் தாண்டும்படி துண்டு துண்டாக அனுப்பிய ஒரே ஒரு பிங், விண்டோஸ், யுனிக்ஸ், ரவுட்டர் என்ற பாகுபாடில்லாமல் இயந்திரங்களைப் படுக்கவைத்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ‘ஸ்மர்ஃப்’ வந்தது. போலி அனுப்புநர் முகவரியோடு ஒரு நெட்வொர்க்கின் பிராட்காஸ்ட் முகவரிக்குப் பிங் அனுப்பினால், அங்குள்ள இயந்திரங்கள் அத்தனையும் சம்பந்தமே இல்லாத மூன்றாம் ஆள்மேல் பதில்களைக் கொட்டும். பிங் பாக்கெட்டுக்குள் தகவலை ஒளித்துக் கடத்தும் ‘லோகி’ முறையும் 1996இலேயே ‘ஃப்ராக்’ இதழில் வெளியானது. ரீடைரக்ட் செய்தி அனுப்பி ஒரு சர்வரின் பாதையைத் திருப்பலாம். போலிப் பிழைச்செய்தி அனுப்பி டிசிபி இணைப்பை அறுக்கலாம். 2010இல் வந்த ஆர்எஃப்சி 5927 முழுவதும் இதைப் பற்றித்தான் பேசுகிறது. 2020இல் வெளியான ‘சாட் டிஎன்எஸ்’ தாக்குதலும் ஐசிஎம்பியின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைந்தது. இவையெல்லாம் கற்பனை இல்லை, நடந்தவை. இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு கொள்கையும் இருக்கிறது: சர்வரின் வேலைக்குத் தேவையானதை மட்டும் திற, மற்றதை மூடு.

அந்தக் கொள்கையில் எனக்கு ஒரு சிறு மாறுபாடும் கிடையாது. ஐசிஎம்பி தேவையற்றவற்றின் பட்டியலில் சேரும் என்று அதனுள் சத்தமில்லாமல் நுழைத்துவிட்ட அனுமானம்தான் பொய். ஜான் போஸ்டல் தொகுத்த ஆர்எஃப்சி 792, 1981 செப்டம்பரில் வெளிவந்தது. ஐபியின் ஆர்எஃப்சி 791, டிசிபியின் ஆர்எஃப்சி 793 ஆகிய இரண்டும் அதே மாதத்தவை. ஐபியை இயக்கும் ஒவ்வொரு இயந்திரமும் ஐசிஎம்பியையும் இயக்கியாக வேண்டும் என்பது அன்றைக்கே எழுதப்பட்ட விதி. அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆய்வுக்கூடத்தில் மைக் மூஸ் பிங் நிரலை எழுதியது 1983 டிசம்பரில்தான். அதாவது பிங் என்று ஒன்று பிறப்பதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்பே ஐசிஎம்பி இருந்தது. வேறு வேலைக்காக இருந்தது. அனுப்பிய பாக்கெட் போய்ச்சேரவில்லை என்றால், ஏன் சேரவில்லை என்பதை அனுப்பியவருக்குச் சொல்வதே அந்த வேலை. பிங் என்பது அதன் பல வகைகளில் 8, 0 என்ற இரண்டு மட்டுமே. பிங்கைப் பிடிக்காதவர்கள் அந்த இரண்டோடு நிற்காமல் மொத்தத்தையும் அடைக்கிறார்கள். இந்தக் குழப்பத்திலிருந்துதான் மற்ற எல்லாத் தவறுகளும் கிளைக்கின்றன.

1. யாரிடமிருந்து ஒளிகிறீர்கள்? பிங்குக்குப் பதில் சொல்லாவிட்டால் தாக்குபவன் கண்ணுக்குச் சர்வர் தெரியாது என்கிறார்கள். 443ஐத் திறந்து வைத்துக்கொண்டே இதைச் சொல்கிறார்கள். ரூட் உரிமையோடு ஓடும் என்மேப், ஒரு முகவரியில் ஆள் இருக்கிறதா என்று பார்க்க இயல்பாகவே நான்கு விதமாகத் தட்டும்: ஐசிஎம்பி எக்கோ, 443க்கு ஒரு டிசிபி சின், 80க்கு ஒரு டிசிபி ஏக், ஐசிஎம்பி டைம்ஸ்டாம்ப். ஒன்றுக்குப் பதில் வந்தால் போதும். இந்தத் தட்டலே வேண்டாம், நேராகப் போர்ட்டைப் பார் என்று சொல்ல ஒரு சுவிட்ச்சும் உண்டு. 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான இசட்மேப், ஒரு கிகாபிட் இணைப்பில் ஒற்றைக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, ஐபிவி4 முகவரி வெளி முழுவதிலும் ஒரு போர்ட்டை 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். அது யாரையும் பிங் செய்து அனுமதி கேட்பதில்லை. இன்னொன்றும் உண்டு. உண்மையிலேயே ஆளில்லாத முகவரிக்குப் பாக்கெட் அனுப்பினால், கடைசி ரவுட்டர் ‘அந்த ஹோஸ்டை அடைய முடியவில்லை’ என்று பதில் சொல்வது வழக்கம். எந்தப் பதிலும் வராத மௌனம், அங்கே ஃபயர்வால் போட்ட ஒரு இயந்திரம் இருக்கிறது என்பதற்கான சாட்சியாகிவிடுகிறது.

2. இருபத்தைந்து ஆண்டுக்கு முன் ஆறிய புண்ணுக்கு இன்றும் கட்டுப்போடுவது எதற்கு? பிங் ஆஃப் டெத்தின் ஓட்டை ஐசிஎம்பியில் இருந்ததே இல்லை. துண்டுகளை ஒட்டும் ஐபி நிரலில் இருந்தது. அதே துண்டுகளை யுடிபியிலும் அனுப்பியிருக்கலாம். கர்னல்கள் அதை எப்போதோ அடைத்துவிட்டன. ஸ்மர்ஃபைத் தடுக்க, வெளியிலிருந்து வரும் பிராட்காஸ்ட் பாக்கெட்டை ரவுட்டர்கள் இயல்பாகவே கடத்தக் கூடாது என்று 1999 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 2644 விதித்தது. பிராட்காஸ்ட் பிங்குக்குப் பதில் சொல்லாமல் இருப்பது இன்றைய லினக்ஸ் கர்னலின் இயல்பு நிலை. ரீடைரக்டை ஏற்க வேண்டாம் என்றால் அதற்கென்றே ஒரு சிஸ்சிடிஎல் (sysctl) அமைப்பு இருக்கிறது.

சரி, வெள்ளமாக பிங் அனுப்பினால்? உங்கள் ஃபயர்வால் அதைக் கீழே போடும் நேரத்தில் அந்தப் பாக்கெட் உங்கள் கேபிளைக் கடந்து வந்தாகிவிட்டது. இணைப்பை நிரப்புவதுதான் நோக்கம் என்றால் நோக்கம் நிறைவேறியாயிற்று. 2018 பிப்ரவரியில் கிட்ஹப்பைத் தாக்கிய வெள்ளம் நொடிக்கு 1.35 டெராபிட்டைத் தொட்டது. அது வந்தது மெம்கேஷ்டி வழியாக, யுடிபியில். அதைப் பார்த்துவிட்டு யுடிபியை மொத்தமாக அடை என்று யாரும் விதி எழுதவில்லை. டிசிபி சின் வெள்ளம் முப்பது ஆண்டாகப் பார்க்கிற பழக்கமான தாக்குதல். டிசிபியை அடை என்று யாரும் சொல்லவில்லை. சின் குக்கி வைத்துச் சமாளிக்கிறோம். அடைத்தால் உடனே கண்ணில் தெரிகிற சேதம் எதுவும் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஐசிஎம்பிக்கு மட்டும் வேறு நீதி.

3. சேதம் கண்ணில் தெரியாது என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும்.

தலைமை அலுவலகத்தில் ஒரு சர்வர். அதன் ஈதர்நெட் எம்டியு, அதாவது ஒரே பாக்கெட்டாகப் போகக்கூடிய உச்ச அளவு, வழக்கமான 1500 பைட். கிளை அலுவலகத்துக்கு வயர்கார்டு டனல் ஒன்று போகிறது. அதன் எம்டியு 1420. கிளையில் இருக்கும் கம்ப்யூட்டர் தன் உள்ளூர்க் கேபிளை மட்டும் பார்த்து, ‘ஒரு தடவைக்கு 1460 பைட் வரை அனுப்பலாம்’ என்று இணைப்பின் தொடக்கத்திலேயே சர்வரிடம் சொல்லிவிடுகிறது. நடுவில் குறுகலான டனல் ஒன்று இருப்பது இரண்டு முனைக்குமே தெரியாது. சர்வர் முழு நீளப் பாக்கெட்டைத் ‘துண்டாக்காதே’ என்ற குறியோடு அனுப்புகிறது. டனல் வாசலில் உள்ள கேட்வே அதை உள்ளே நுழைக்க முடியாமல் கீழே போட்டுவிட்டு, அனுப்பிய சர்வருக்கு 3ஆம் வகை, 4ஆம் குறியோடு ஓர் ஐசிஎம்பி செய்தி அனுப்புகிறது: துண்டாக்கினால்தான் போகும், அடுத்த பாதையின் எம்டியு 1420. சர்வர் இதைக் கேட்டால் பாக்கெட்டைச் சுருக்கி மறுபடி அனுப்பும். ஒரு நொடிகூட ஆகாது. மோகலும் டீரிங்கும் 1990 நவம்பரில் ஆர்எஃப்சி 1191இல் வகுத்துக் கொடுத்த ஏற்பாடு இது. டிசிபி இன்றுவரை இதை நம்பித்தான் ஓடுகிறது.

இப்போது அந்தச் சர்வரில் ஐசிஎம்பியை அடைத்துவிடுங்கள். செய்தி வாசல்வரை வந்து செத்துப்போகும். சர்வர் அதே 1500 பைட் பாக்கெட்டை மறுபடி அனுப்பும். பதில் வராது. காத்திருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கி மறுபடி அனுப்பும். மறுபடியும். லினக்ஸின் இயல்பான அமைப்பில் 15 தடவை இப்படி முயன்றுவிட்டுத்தான் இணைப்பைக் கைவிடும். அதற்குக் குறைந்தது சுமார் 924 நொடி, கால் மணி நேரத்துக்கும் மேல். அவ்வளவு நேரமும் சர்வரின் லாகில் ஒரு வரி பிழையும் பதியாது.

கிளையில் இருப்பவர் பார்ப்பது என்ன? பிங் போகிறது, ஏனென்றால் அது 84 பைட்தான். (பிங்கும் அடைபட்டிருந்தால் இந்த ஆறுதலும் இல்லை.) டிசிபி இணைப்பு ஏற்படுகிறது, ஏனென்றால் கைகுலுக்கும் பாக்கெட்டுகள் சின்னவை. லாகின் பக்கம் வருகிறது. அறிக்கை கேட்டால் சுற்றிக்கொண்டே நிற்கிறது. எஸ்எஸ்எச்சில் நுழைந்து சின்ன டைரக்டரியைப் பட்டியலிட்டால் வருகிறது, பெரிய டைரக்டரியைக் கேட்டால் டெர்மினல் உறைந்துபோகிறது. சில நேரம் சாவிப் பரிமாற்றத்தின் பதிலுக்குக் காத்திருக்கும் கட்டத்திலேயே எஸ்எஸ்எச் நின்றுவிடும். குவாண்டம் கணினியைத் தாங்கும் புதிய சாவிப் பரிமாற்ற முறைகள் வந்தபின் இது கூடியிருக்கிறது. எம்எல்-கேஇஎம்-768 முறையில் பொதுச் சாவி மட்டுமே 1184 பைட், பதிலுக்குப் போகும் மறைகுறி 1088 பைட். முன்பு சிறிய பாக்கெட்டில் முடிந்த கைகுலுக்கல் இன்று முதல் அடியிலேயே குறுகலில் மாட்டிக்கொள்கிறது.

இந்த அறிகுறிகளை வைத்துக்கொண்டு ஒரு குழு எங்கெல்லாம் தேடும் என்பதை இந்தத் தொழிலில் இருக்கும் யாரும் சொல்லிவிடலாம். டேட்டாபேஸ் மெதுவாக இருக்கிறதோ என்று இன்டெக்ஸ் போடுவார்கள். வெப் சர்வரின் டைம்அவுட்டைக் கூட்டுவார்கள். நெட்வொர்க் கார்டின் ஆஃப்லோடை அணைத்துப் பார்ப்பார்கள். டனல் கொடுத்தவரைத் திட்டுவார்கள். ரீபூட் செய்வார்கள். தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தால் எல்லாம் சரியாக ஓடுவதால், ‘இங்கே வேலை செய்கிறதே’ என்ற பதிலோடு டிக்கெட் மூடப்படும். ‘பிங் போகிறது, போர்ட் திறந்திருக்கிறது, அப்படியானால் நெட்வொர்க் சரி’ என்று ஒருவர் முடிவு சொன்ன பிறகு யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

உண்மையைப் பார்க்க இரண்டு கருவி போதும். சர்வரில் டிசிபிடம்ப்பை ஐசிஎம்பிக்கு மட்டும் வடிகட்டி ஓடவிடுங்கள். அது பாக்கெட்டை ஃபயர்வாலுக்கு முன்பே பிடித்துவிடும். ‘துண்டாக்க வேண்டும், எம்டியு 1420’ என்று கேட்வே அனுப்பும் செய்தி திரும்பத் திரும்ப வந்து விழுவது திரையில் தெரியும். பக்கத்து டெர்மினலில் எஸ்எஸ் கட்டளையை டிசிபி விவரங்களோடு ஓட்டினால், அந்த இணைப்பின் பிஎம்டியு (பாதையின் எம்டியு) இன்னும் 1500 என்றே காட்டும். மறு அனுப்புதல் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். சொல்ல வேண்டியதைக் கேட்வே சொல்லிவிட்டது. கர்னல் கேட்கத் தயாராக இருக்கிறது. நடுவில் நாமே எழுதிய ஒரு வரி நிற்கிறது. இந்தக் கோளாறுக்குக் ‘கருந்துளை’ என்று பெயர் வைத்து, 2000 செப்டம்பரில் ஆர்எஃப்சி 2923 விளக்கமாக எழுதிவைத்தது. கால் நூற்றாண்டு கழித்தும் அதே வரியைப் புதுச் சர்வர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

விபிஎன் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தானே இது என்று கேட்கலாம். பிபிபிஓஇ வழியாக வரும் ஃபைபர் இணைப்பின் எம்டியு 1492. நம் ஊர் வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் அது சாதாரணம். ஜிஆர்இ டனல் 24 பைட்டைத் தின்னும். கன்டெய்னர் நெட்வொர்க்குகளில் பரவலாக உள்ள விஎக்ஸ்லேன் 50 பைட்டைத் தின்னும். 1500 பைட் தடையில்லாமல் போகும் பாதை என்று யாரும் முன்கூட்டியே சத்தியம் செய்துவிட முடியாது.

4. ‘அதற்குத்தான் எம்எஸ்எஸ் கிளாம்ப் இருக்கிறதே’ என்பார்கள். இருக்கிறது, நல்ல கருவிதான். டனல் வாசலில் உள்ள ரவுட்டர், கடந்து போகும் டிசிபி கைகுலுக்கலில் உள்ள எம்எஸ்எஸ் எண்ணை, மேலே சொன்ன அந்த 1460ஐ, தானே திருத்திச் சின்னதாக்கிவிடும். ஆனால் அந்த ரவுட்டர் உங்கள் கையில் இருக்க வேண்டும். பாதையில் உள்ள குறுகல்கள் எல்லாவற்றிலும் யாராவது அதைச் செய்திருக்க வேண்டும். செய்திருந்தாலும் டிசிபிக்கு மட்டும்தான் பயன். யுடிபியை அது தொடாது. டிஎன்எஸ் உலகம் 2020இல் யுடிபி பதிலின் அளவை 1232 பைட்டோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னதே, பெரிய பாக்கெட்டும் அதன் துண்டுகளும் வழியில் பிழைக்கும் என்று நம்ப முடியாமல் போனதால்தான்.

இன்னும் விவரம் தெரிந்தவர்கள் 2007இன் ஆர்எஃப்சி 4821ஐக் காட்டுவார்கள். ஐசிஎம்பியை நம்பாமல், சர்வரே பல அளவுகளில் அனுப்பிப் பார்த்துப் பாதையின் கொள்ளளவைத் தெரிந்துகொள்ளும் முறை அது. க்விக் நெறிமுறையும் அப்படித்தான் செய்கிறது. இது எதிர்த்தரப்பின் மிக வலுவான பதில் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லினக்ஸில் டிசிபிக்கு இந்தச் சோதனை இயல்பாக அணைந்தே இருக்கிறது. பூஜ்யத்தை 1 ஆக்கினால்தான் விழிக்கும். அப்போதும் சில பாக்கெட்டுகள் செத்து, காலம் கழிந்து, இங்கே கருந்துளை இருக்கலாம் என்று சந்தேகம் வந்த பிறகே வேலையைத் தொடங்கும். அடைத்துவைக்கிறவர்கள் பெருகியதால் கண்டுபிடிக்க வேண்டிவந்த ஊன்றுகோலைக் காட்டி, அடைப்பதற்கு நியாயம் கற்பிப்பது தலைகீழ் வாதம்.

இன்னொரு பக்கம் பாருங்கள். உலகத்திலேயே அதிகமாகத் தாக்கப்படும் நெட்வொர்க்குகளில் ஒன்று கிளவுட்ஃப்ளேர். ஒரே முகவரிக்குப் பின்னால் பல சர்வர்கள் நிற்பதால், ‘பாக்கெட் பெரிது’ என்ற செய்தி அதை அனுப்பிய சர்வருக்குப் போகாமல் பக்கத்துச் சர்வருக்குப் போய்விடுகிறது என்ற சிக்கல் அவர்களுக்கு இருந்தது. 2015இல் அவர்கள் செய்த காரியம், அந்தச் செய்தியை எல்லாச் சர்வர்களுக்கும் பரப்புவதற்கென்று ஒரு சிறு நிரலை எழுதி வெளியிட்டதுதான். தாக்குதலைத் தாங்குவதே தொழிலாகக் கொண்டவர்கள் இந்தச் செய்தி வந்து சேர வேண்டும் என்று பாடுபடுகிறார்கள்.

5. ஐபிவி6க்கு வந்தால் இந்த விதி தற்கொலை. இதில் பாதையில் நிற்கும் ரவுட்டர் எதையும் துண்டாக்காது. அனுப்பியவர்தான் துண்டாக்க முடியும். எனவே 2ஆம் வகை ‘பாக்கெட் பெரிது’ செய்தி இல்லாவிட்டால் மாற்று வழியே கிடையாது. அதைவிடவும் அடிப்படையான ஒன்று: ஐபிவி4இல் ஏஆர்பி செய்த வேலையை, அதாவது பக்கத்து இயந்திரத்தின் வன்முகவரியைக் கேட்டு அறியும் வேலையை, ஐபிவி6இல் ஐசிஎம்பியின் 135, 136 வகைகள் செய்கின்றன. ரவுட்டர் தன்னை அறிவிப்பது 134 மூலம். இவற்றை அடைத்தால் பக்கத்தில் இருக்கும் கேட்வேயைக்கூடச் சர்வரால் பார்க்க முடியாது.

இதிலும் கொடுமை என்னவென்றால், சேதம் உடனே தெரிவதில்லை. 135ஐயும் 136ஐயும் விட்டுவிட்டு 134ஐ அடைத்த சர்வர் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். விதியைப் போட்டதும் எல்லாம் ஓடும். சோதித்துப் பார்ப்பார்கள், சரியாக இருக்கும். ரவுட்டர் அறிவிப்பின் ஆயுள் வழக்கமாக 1800 நொடி. புதிய அறிவிப்பு உள்ளே வராததால், அரை மணி நேரத்துக்குள் டீஃபால்ட் ரூட் காலாவதியாகி மறையும். அதற்குள் நிர்வாகி வீட்டுக்குக் கிளம்பியிருப்பார். மறுநாள் வந்து ரீபூட் செய்வார், வேறு எதையாவது மாற்றுவார், கடைசியில் ‘ஐபிவி6 என்றாலே தலைவலி’ என்று அதையே அணைத்துவிடுவார். 2016இல் ஜியோ வந்தபோதே ஐபிவி6ஓடு வந்தது. இன்று ஐபிவி6 பயன்பாட்டில் இந்தியா உலகின் முன்வரிசை நாடுகளில் ஒன்று. அப்படிப்பட்ட நாட்டில் சர்வர் நடத்திக்கொண்டு, ஒரு மூடநம்பிக்கை பெற்றெடுத்த இன்னொரு மூடநம்பிக்கையால் ஐபிவி6ஐ அணைப்பது நம் பயனர்களுக்கு நாமே செய்யும் கெடுதல்.

பாதுகாப்பு பற்றி இங்கே கவலை தேவைதான். அதற்கான ஏற்பாடு நெறிமுறைக்குள்ளேயே இருக்கிறது. பக்கத்து இயந்திரத்தைத் தேடும் செய்திகள் ஹாப் லிமிட் 255 ஆக வந்தால் மட்டுமே ஏற்கப்படும். ஒரு ரவுட்டரைக் கடந்தாலும் அந்த எண் குறைந்துவிடும் என்பதால், வெளியில் இருப்பவர் எவராலும் அதைப் போலியாக அனுப்பவே முடியாது. எவற்றைத் திறக்க வேண்டும், எவற்றை மூடலாம் என்பதை வகைவாரியாக 2007 மே மாதமே ஆர்எஃப்சி 4890 எழுதிக் கொடுத்துவிட்டது.

6. போலிப் பிழைச்செய்தி வந்தால் என்ன செய்வது? நியாயமான கேள்வி, பதிலும் உண்டு. ஐசிஎம்பி பிழைச்செய்தி வெறும் கையோடு வருவதில்லை. முகவரிதாரர் இல்லாமல் திரும்பிவரும் தபாலில் நம் கையெழுத்தே இருப்பதுபோல, தோற்றுப்போன பாக்கெட்டின் ஐபி தலைப்பும் அதற்கடுத்த 8 பைட்டாவதும் அதற்குள் இருக்கும். டிசிபியில் அந்த 8 பைட் எது? இரண்டு போர்ட் எண்கள், ஒரு வரிசை எண். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பின் வரிசை எண் வரம்புக்குள் அது இல்லையென்றால் லினக்ஸ் அந்தச் செய்தியை நம்பாது. எம்டியுவை மிகச் சிறியதாகச் சொல்லி ஏமாற்றப் பார்த்தாலும், கர்னல் 552க்குக் கீழே இறங்காது. ஃபயர்வாலின் இணைப்புக் கண்காணிப்பும் உள்ளே இருக்கும் முகவரிகளையும் போர்ட் எண்களையும் ஒப்பிட்டு, ஏற்கெனவே உள்ள இணைப்போடு தொடர்புடைய பிழைச்செய்தியை மட்டும் ‘ரிலேட்டட்’ என்று அடையாளம் காட்டும். அந்த ஒரு வரியை மேலே வைத்தால் போதும். பல ஸ்கிரிப்டுகளில் ரிலேட்டட் வரி இருக்கவே செய்கிறது. அதற்கு முன்னால் ஐசிஎம்பி டிராப் உட்கார்ந்திருப்பதால் அது வேலைக்கு வருவதில்லை.

தகவல் கடத்தல் பற்றியும் ஒரு சொல். சர்வரில் ரூட் உரிமை பெற்ற ஒருவனுக்கு டிஎன்எஸ் இருக்கிறது, எச்டிடிபிஎஸ் இருக்கிறது. பிங் இல்லாமல் அவன் தவிக்கப்போவதில்லை.

7. மௌனத்துக்கு விலை இல்லை என்று யார் கணக்குப் போட்டது? டிஎன்எஸ் சர்வரில் சேவை நின்றுபோனால், அந்த இயந்திரத்தின் கர்னல் ‘இந்தப் போர்ட்டில் யாரும் இல்லை’ என்று ஐசிஎம்பியில் சொல்லும். கேட்டவர் அந்த நொடியே இரண்டாவது டிஎன்எஸ் சர்வருக்குப் போய்விடுவார். அந்தச் செய்தியை அடைத்தால், ஜிலிப்சியின் இயல்பு அமைப்பில் ஒவ்வொரு கேள்விக்கும் 5 நொடி காத்திருக்க வேண்டும். ‘எஸ்எஸ்எச் லாகின் ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது’ என்ற புலம்பலில் ஒரு பங்கு இங்கிருந்து வருகிறது. டிரேஸ்ரூட் ஓட்டினால் வரிசையாக நட்சத்திரங்கள்தான் வரும்; பாதை எந்த இடத்தில் அறுந்தது என்று சொல்லும் 11ஆம் வகைச் செய்தியையும் சேர்த்தே அடைத்திருக்கிறோம். இரவு இரண்டு மணிக்கு, சர்வர் செத்துவிட்டதா, பாதை அறுந்ததா, ஃபயர்வால் விழுங்குகிறதா என்ற மூன்றையும் பிரித்தறிய முடியாமல் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அந்த மூன்றுக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு, எழுப்ப வேண்டிய ஆள் வேறு.

8. அப்படியானால் எல்லாவற்றையும் திறந்துவிடச் சொல்கிறேனா? இல்லை. சாட் டிஎன்எஸ் விஷயத்தில் எதிர்த்தரப்பு சொல்வது சரி. கர்னல் வெளியே அனுப்பும் பிழைச்செய்திகளுக்கு ஒரு பொது உச்சவரம்பு உண்டு. அதை அளந்து பார்த்து, டிஎன்எஸ் ரிசால்வர் எந்தப் போர்ட்டிலிருந்து கேள்வி கேட்கிறது என்பதை ஊகித்தார்கள். அந்த வரம்பைக் கணிக்க முடியாதபடி மாற்றி லினக்ஸ் அதே ஆண்டு திருத்தம் கொண்டுவந்தது. திருத்தம் இல்லாத பழைய கர்னலில் ரிசால்வர் நடத்துகிறவர், ‘போர்ட்டில் யாரும் இல்லை’ என்ற செய்தி வெளியே போவதை அடைப்பது சரியான முடிவு. ஒரு குறிப்பிட்ட தாக்குதல், ஒரு குறிப்பிட்ட வகை, ஒரு குறிப்பிட்ட திசை, அதற்கு ஒரு விதி. இதைத்தான் பாதுகாப்பு வேலை என்று சொல்ல முடியும்.

மற்றபடி ஐபிவி4இல் 3, 11, 12 வகைகள் உள்ளே வரட்டும். 8ஆம் வகையான பிங்கை நொடிக்கு இத்தனை என்று வரம்பு வைத்து விடுங்கள். பிங் வேண்டவே வேண்டாம் என்று மனம் கேட்காவிட்டால், எக்கோவுக்கு மட்டும் பதில் சொல்லாதே என்ற சிஸ்சிடிஎல்லைப் போடுங்கள், பிழைச்செய்திகள் அதனால் பாதிக்கப்படாது. 5, 13, 17 வகைகளை மூடலாம். ஐபிவி6இல் 1 முதல் 4 வரை, 128, 129, பக்கத்து இயந்திரங்களுக்கான 133 முதல் 136 வரை, மல்டிகாஸ்ட் உறுப்பினர் அறிவிப்புக்கான 130, 131, 132, 143 ஆகியவற்றைத் திறந்து வையுங்கள். பிறகு ஒரு டனலுக்கு அப்பாலிருந்து, பெரிய ஃபைல் ஒன்றைச் சர்வரிலிருந்து இறக்கிப் பாருங்கள். துண்டாக்காதே என்ற குறியோடு 1472 பைட் பிங் அனுப்பினால், தலைப்புகள் 28 சேர்ந்து 1500 ஆகும். அது போகாமல், பாதையின் உண்மையான எம்டியு எவ்வளவு என்று பதில் வந்தால், எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். ஒன்றுமே வராவிட்டால் வழியில் யாரோ அடைத்திருக்கிறார்கள்.

ஆடிட்டரிடம் என்ன சொல்வது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது; நடைமுறையில் பலர் இந்த வரியை விடாமல் வைத்திருப்பது அந்த ஒரு பயத்தால்தான். ஸ்கேன் அறிக்கையில் வழக்கமாக வருவது ‘ஐசிஎம்பி டைம்ஸ்டாம்ப்’. சிவிஇ-1999-0524 என்ற எண்ணில், சர்வரின் கடிகாரம் வெளியே தெரிகிறது என்ற குறை அது. 13, 14 வகைகளை மூடினால் அது தீர்ந்தது. அதைத் தாண்டி ‘ஐசிஎம்பி முழுவதையும் அடைக்கவும்’ என்று எழுதியிருந்தால், எந்த வகை, எந்தக் குறி, எந்தத் தாக்குதல் என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் விதிப் பட்டியலையும் ஆர்எஃப்சி 4890ஐயும் இணைத்து அனுப்புங்கள். அடைத்தே தீர வேண்டும் என்று அவர் நின்றால், அதனால் அறுந்துபோகும் இணைப்புகளுக்கான பொறுப்பையும் அந்தக் கடிதத்திலேயே அவர் பெயரில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.